மின்விசிறியின் கீழ் ஓர் ஆலமரம்

என் மதினி வேலைக்கு உட்காரும் முன் செய்கிற முதல் காரியம் மின்விசிறியை அணைப்பது. சுவிட்சைத் தட்டியதும் உட்கார்ந்துவிட மாட்டார். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்து அசையாமல் நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு ஜன்னலின் கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளைத் திறப்பார். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டாம். தரையில் பாயை விரித்து, அதன்மேல் தடித்த அட்டையை வைத்து, அட்டையின் மேல் கறுப்புத் தாளைப் பரப்புவார். முந்தானையை இடுப்பில் செருகி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குனிவார். வேர்வை தாளில் சொட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துண்டு. மதுரை வெயிலில் ஒருவர் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்வார். மதினிக்கு எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மதினி செய்வது காகித வெட்டுச் சித்திரம். ஒரே தாள். எதையும் ஒட்டக் கூடாது, எதையும் வரையக் கூடாது. வேண்டாததைக் கத்தியால் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் படம். கை ஓரிடத்தில் தவறினால் தவறியதுதான். நான் வாட்டர் கலர் போடுகிறவன்; தப்பாகப் போன இடத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேகம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். மதினிக்கு அந்த வசதி கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் மார்கழி மாதத்தில் தெருப் பெண்களுக்குப் பழைய எக்ஸ்ரே தாள்களில் கோல அச்சு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மாதக் காலண்டரின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒரு கோழியையும் குஞ்சுகளையும் வெட்டிச் சுவரோரமாகத் தொங்கவிட்டிருந்தார். பகல் வெளிச்சம் பட்டு அதன் நிழல் சுவரில் விழுந்திருந்தது. கோழியைவிடக் கோழியின் நிழல் உயிரோடு இருந்தது. அன்றைக்கே அவரை எங்கள் ஓவியர் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் குழுவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். கீழக்குயில்குடிக்குப் போய்த் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் மலையையும் வரைவோம். மறு வாரமும் அதையே வரைவோம். வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, நகருக்குள் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துக் கண்காட்சி வைப்போம். எந்தச் சுவர் யாருக்கு என்பதில் ஆரம்பிக்கும் சண்டை கண்காட்சி முடிந்த பிறகும் ஓயாது. ஆயில் பெயின்டிங் போடுகிறவர்களுக்கு நடுச்சுவர். எங்களைப் போன்ற வாட்டர் கலர்காரர்களுக்குப் பக்கச் சுவர். வாசல் பேனருக்கு எழுத்து வெட்டுவது, அழைப்பிதழுக்கு ஓரம் வெட்டுவது, விருந்தினர் மேசைக்குப் பூ வெட்டுவது எல்லாம் மதினி தலையில். "அக்கா கைல கத்தி இருக்குல்ல, அஞ்சு நிமிசத்துல ஆகிரும்" என்று செயலாளர் சொல்வார். மதினியும் மறுக்க மாட்டார். எல்லாம் முடிந்த பிறகு அவருடைய சொந்தப் படங்களைத் தொங்கவிடுவதற்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் காட்டுவார்கள்.

அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்கள், அது முழுப் பொய்யும் அல்ல. மதினியின் படங்களைக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்க முடியாது. தாள் சுவரை ஒட்டாமல் ஒரு விரற்கடை தள்ளித் தொங்க வேண்டும். அப்போதுதான் நிழல் விழும். நிழல் இல்லாவிட்டால் பாதிப் படம்தான். ஆனால் கண்ணாடி இல்லாமல் தொங்கும் மெல்லிய தாள் மின்விசிறிக் காற்றைத் தாங்காது. மண்டபத்தில் நிறைய மின்விசிறிகள். அதில் எதுவும் எட்டாத ஒரே இடம் மாடிப்படிக்குக் கீழேதான். எங்கள் படங்களுக்கெல்லாம் சட்டம் அடித்துத் தரும் பாய் ஒருவர் இருந்தார். பழைய ஊருக்குள் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். "ஏன்மா, ஒரு கண்ணாடியப் போட்டு அழகா ஒட்டித் தாரேன், இன்ஷா அல்லாஹ் நூறு வருசம் இருக்கும்" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். மதினியும் ஒவ்வொரு வருஷமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார். படிக்குக் கீழே தலை தட்டும் என்பதால் குனிந்து பார்க்க வேண்டும். குனிகிற ஆட்கள் குறைவு.

வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். திருநகரில் கடன் வாங்கிக் கட்டிய சின்ன வீடு அவர்களுடையது. முன்னறைதான் பெரியது, அங்கேதான் ஜன்னல், அங்கேதான் வெளிச்சம், அங்கேதான் மின்விசிறி. உள்ளறையில் பீரோவும் அரிசி மூட்டையும் போக ஓர் ஆள் படுக்கலாம்; ஜன்னல் கிடையாது. அண்ணன் டூட்டிக்குப் போயிருக்கும் நேரம் மதினியுடையது. அவர் திரும்பி வரும் நேரத்துக்கு முன் வெட்டிய தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தரையைக் கூட்டி, மின்விசிறியைப் போட்டுவிடுவார். அண்ணன் உள்ளே நுழைந்ததும் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து படுப்பார். பகலெல்லாம் ஆட்களுக்கு நடுவில் நசுங்கி நின்றவருக்கு அது மட்டும்தான் சுகம். அதை ஒரு குறையாக யாரும் சொல்ல முடியாது. இப்படியே வருஷங்கள் போயின. அந்த வருஷங்களில் அண்ணன் மதினியின் படம் ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை. பிடிக்காமல் அல்ல. அவர் இருந்தால் மின்விசிறி ஓடும், மின்விசிறி ஓடினால் தாள் வெளியே வராது. கண்காட்சி நாட்களிலும் அவருக்கு டூட்டி இருக்கும்.

பிறகு அண்ணன் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, புழுக்கத்தில் இருக்கக் கூடாது, காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு அந்த மின்விசிறி பகலெல்லாம் நிற்கவில்லை. மதினி கத்தியைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் அவர் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. கீழக்குயில்குடி ஆலமரம். ஆள் உயரத்துக்கு ஒரே தாள். கிளைகளையும் இலைக்கொத்துகளையும் முடித்துவிட்டு விழுதுகளுக்கு வந்திருந்தார். அந்த விழுதுகளை நூல் கனத்துக்கு, கீழே எதிலும் சேராமல், தனித்தனியாகத் தொங்கும்படி வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காக அந்த மரத்தை வரைந்திருக்கிறோம். எங்கள் படங்களில் விழுதுகள் தூண்களைப் போல விறைத்து நிற்கும். அவருடைய தாளைத் தூக்கிப் பிடித்தால் விழுதுகள் தாமாகவே தொங்கின. அந்தத் தாள் பாதியோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. "என் வீட்டுல வந்து செய்ங்க மதினி, மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்றேன். நான் நாகமலை புதுக்கோட்டையில் இருந்தேன். "உங்க அண்ணனுக்கு மாத்திரை யார் தம்பி குடுப்பா" என்றார்.

சில மாதங்கள் கழித்து ஒரு முற்பகலில் பழங்காநத்தத்தில் பஸ் ஏறினேன். முன்பக்க ஜன்னலோரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, முகத்தை வெளியே காட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். ஆஸ்பத்திரிக்கா என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஆஸ்பத்திரியுமில்ல ஒண்ணுமில்ல. சும்மா மாட்டுத்தாவணி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, வெயில் விழாத பக்கம் பார்த்து அடுத்த பஸ்ஸில் ஏறி, திரும்பி வருவாராம். ஓய்வு பெற்றவர்களுக்குத் தருகிற பாஸ் இருக்கிறது, பழகிய கண்டக்டர்கள் ஜன்னலோரம் பார்த்து உட்கார வைக்கிறார்கள். தினமும் போகிறாரா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "அது பாவம், என்னத்தையோ வெட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. என்னைய வச்சுக்கிட்டு ஃபேன அணைக்க அதுக்கு மனசு வரல. எனக்கு என்னடா, பஸ்ல வாராத காத்தா?" என்றார். வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். டெப்போவில் பழைய ஆட்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். மதினி அதை நம்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. டெப்போவுக்குப் போகிறவருக்குத் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் பையில் எடுத்து வைத்தவர் அவர்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அவர் போனதும் மதினி மின்விசிறியை அணைப்பார். அவர் திரும்பும் முன் தாளை எடுத்து வைத்துவிட்டு மின்விசிறியைப் போடுவார். பழைய டூட்டி முறை அப்படியே திரும்பிவிட்டது.

ஆலமரம் முடிந்தது. தாளைப் பார்க்க நான் செயலாளரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அண்ணன் பஸ்ஸில் இருந்த நேரம். மதினி தாளை ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். செயலாளர் சுலபத்தில் வாயை மூடுகிற ஆள் இல்லை, அன்றைக்கு மூடினார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது "இதப் போயிப் படிக்குக் கீழ எப்படிண்ணே போடுறது" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடுச்சுவரைக் கேட்டார். கேட்டால் சண்டைதான். நடுச்சுவரில் தொங்கவிட்டால் மின்விசிறிகளைப் போட முடியாது. வெயில் காலத்தில் மின்விசிறி இல்லாமல் யார் வருவார்கள், வந்தவர்கள் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு, ஒரு காகிதத்துக்காக ஊரே வேக வேண்டுமா. நான் எழுந்து என்னென்னவோ கத்தினேன். கடைசியில் பாய்தான் முடித்து வைத்தார். தொடக்க விழாவில் மட்டும் அரை மணி நேரம் மின்விசிறிகளை நிறுத்துவது. சிறப்பு விருந்தினர் சுற்றிப் பார்த்து முடித்ததும் ஆலமரத்தைக் கழற்றி எடுத்துவிட்டு மின்விசிறிகளைப் போட்டுக்கொள்வது. வருஷக்கணக்கான உழைப்புக்கு அரை மணி நேரம். மதினியிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. "நடுச்சுவருலயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் போய்க் காபி போட ஆரம்பித்துவிட்டார்.

விழாவன்று அண்ணனும் வருவேன் என்று நின்றார். புழுக்கம் ஆகாது என்று மதினி சொன்னதற்கு, "அரை மணி நேரந்தேன. அதுக்குள்ள செத்துப் போவனா" என்றார். பழைய காக்கிச் சட்டையைப் போடாத குறையாக வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. மண்டபத்தின் கோடியில் சுவிட்ச் போர்டு இருந்தது. மின்விசிறிகளின் சுவிட்சுகள் வரிசையாக அதில்தான். நேராகப் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. கூட்டம் சேரச் சேர மண்டபம் அவியத் தொடங்கியது. அழைப்பிதழாலும் கர்ச்சீப்பாலும் விசிறிக்கொண்டு, ஒவ்வொருவராகச் சுவிட்சைத் தேடி வந்தார்கள். "உள்ள போங்க சார், உள்ள போங்க. இன்னும் செத்த நேரம். அடுத்த ஸ்டாப்பிங் வந்துரும்" என்று கண்டக்டர் குரலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சுவிட்ச் போர்டுக்கு நேர் எதிரே நடுச்சுவர். சாய்வாக விழுந்த விளக்கொளியில் ஆலமரம் அசையாமல் தொங்கியது. கறுப்பு மரம் ஒன்று, அதன் பின்னால் சாம்பல் மரம் ஒன்று. அண்ணனுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு கிளையைத் தொடர்ந்து போனார். அங்கிருந்து ஒரு விழுதைப் பிடித்துக் கீழே இறங்கினார். மறுபடி மேலே போய் அடுத்த விழுது. டிக்கெட் வாங்காத ஆளைத் தேடுகிற கண்டக்டர் பார்க்கிற பார்வை அது, ஒன்றையும் விடாத பார்வை. சுவிட்சுக்கு வந்த ஒருவரைத் திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டித் தடுத்தார்.

எங்கள் ஊரில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அதற்கு நன்றி சொல்ல ஓர் உரை. அரை மணி எப்போதோ கடந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் அதன் பிறகுதான் சுற்றிப் பார்க்க எழுந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் போட்டோவுக்கு நின்றார். மதினி பட்டுச் சேலையில், ஆலமரத்தின் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். விருந்தினர் நடுச்சுவருக்கு வர இன்னும் சில படங்கள்தான் பாக்கி. அப்போது மதினி கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அண்ணனைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி நடந்தார். ஓடவில்லை, வழியில் நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு நேராக நடந்தார். பக்கத்தில் போனதும் அண்ணன், "ஏய், எங்க வார, அங்க போயி நில்லு, அவரு இன்னும் பாக்கல" என்றார். மதினி அவர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, வரிசையாக இருந்த சுவிட்சுகள் அத்தனையையும் உள்ளங்கையால் தட்டிப் போட்டார். "வேணாம், கிழிஞ்சுரும், வேணாம்" என்று அண்ணன் அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார். பிடிக்கத் தெம்பில்லை. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின. மண்டபமே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. ஆலமரம் முதலில் லேசாக மூச்சு வாங்கியது போல உப்பியது. பிறகு விழுதுகள் எழுந்து ஒன்றோடொன்று சிக்கிக் கிழிந்தன. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நான் பிடித்ததில் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. மதினி திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு, அண்ணனை உட்கார வைத்து, முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் நடுச்சுவருக்கு வந்தபோது என் கையில் கிழிந்த தாள்தான் இருந்தது. "அடடா" என்றார். பிறகு அடுத்த படத்துக்குப் போனார்.

எனக்கு யார்மேல் கோபம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துப் பேசித் தீர்த்தவர்கள்மேல், போட்டோ எடுத்துக்கொண்டவர் மேல், வரக் கூடாத இடத்துக்கு வந்து நின்ற அண்ணன்மேல், ஏன், மதினி மேலும்தான். இந்த விஷயம் தெரிந்த இரண்டொருவர் என்னிடம் அதைத் தியாகம் என்று சொல்லி உருகினார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். ஒரு வீட்டில் இன்னொரு ஜன்னலும் இன்னொரு மின்விசிறியும் இருந்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும் காரியத்துக்குப் பெரிய பேர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. மதினி அதற்குப் பிறகு குழுவுக்கு வரவில்லை, கத்தியையும் எடுக்கவில்லை. அண்ணன் சில வாரங்களில் தேறினார். ஆனால் பஸ் ஏறும் தெம்பு திரும்பவில்லை. நானும் இப்போதெல்லாம் எப்போதாவதுதான் வரைகிறேன். கூட்டத்துக்குப் போகிறேன், டீ குடிக்கிறேன், வருகிறேன்.

போன மாதம் எங்கள் கண்காட்சிக்கு ஒரு புது அரங்கம் கிடைத்தது. முழுக்க ஏசி. மேலே பார்த்தேன், ஒரு மின்விசிறிகூட இல்லை. குளிர்காற்று சுவரின் மேல்விளிம்பில் எங்கிருந்தோ கசிகிறது, சுவரோரம் தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை. பல வருஷம் கழித்து எனக்கு ஒரு வேகம் வந்தது. செயலாளரிடம் நடுச்சுவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகத் திருநகருக்குப் போனேன்.

முன்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதற்குக் கீழே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மதினி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அரங்கத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். என் வீட்டு மாடி அறை இன்னும் சும்மாத்தான் கிடக்கிறது, அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன், மறுபடி ஆலமரத்தையே வெட்டலாம் என்றேன். மதினி ஒரு காயை ஆய்ந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இனிமே என்னத்துக்கு தம்பி" என்றார்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே, "வெட்டச் சொல்றான்ல, வெட்டேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு மதினி என் பக்கம் திரும்பினார். "அன்னைக்குப் பேப்பரு கிழிஞ்சதுல எனக்கு வருத்தமே இல்ல தம்பி. நீங்கதேன் மனசுல வச்சுக்கிட்டுத் திரியிறீங்க. கல்யாணமாயி இம்புட்டு வருசத்துல அவுகளும் அந்தப் பேப்பரும் ஒரு ரூம்ல இருந்தது அன்னைக்குத்தேன். அவுக எப்படிப் பாத்தாகன்னு நீங்களும் பாத்தீங்கள்ல. யாரு பாக்கணும்னு நான் வெட்டுனேனோ, அவுக பாத்துட்டாக."

அண்ணன் தூங்கிவிட்டாரா, தூங்குவது போல இருந்தாரா தெரியவில்லை. மதினி அடுத்த காயை எடுத்தார். நான் காபி குடித்துவிட்டு எழுந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது செயலாளருக்குப் போன் போட்டு, நடுச்சுவரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன்.